வாயில்களற்ற இல்லறம்
ஜும்பா லஹிரியின் கதைகளிற் புலம்பெயர்ந்த தம்பதியர்

பொருள் தேடிக் கடல் கடக்கும் தலைவன் தலைவியை உடனழைத்துச் செல்லுதல் மரபன்று என்பது தொல்காப்பியர் அகத்திணையியலில் வகுத்த விதி. அவ்விதி எழுந்த காலத்துச் சமுதாய நிலை யாதாயினும், அதனாற் பயன் பெற்றது இலக்கியமே. அவன் ஓரிடத்தும் அவள் ஓரிடத்துமாக இருக்க, இடையிற் கிடந்த வழி பாட்டாயிற்று. உடன்போக்கினைப் பாடிய புலவரும் சுரத்தைக் கடப்பது வரையிற் பாடினரேயன்றி, சென்று சேர்ந்த ஊரில் அவ்விருவரும் எவ்வாறு உலையேற்றினர் என்பதைப் பெரிதும் பேசினாரல்லர். இருவரும் ஒருங்கே கடல் கடந்து, சுற்றத்தார் ஒருவரும் இல்லாத ஊரில், ஒரு சிறு வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தனம் நடத்துதல் அவர் காணாத காட்சி.

அக்காட்சியைத் தம் எழுத்துக்கு நிலைக்களனாகக் கொண்டவருள் ஜும்பா லஹிரி சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர். வங்காளப் பெற்றோர்க்கு 1967 இல் இலண்டனிற் பிறந்து, ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் வளர்ந்தவர் அவர். 1999 இல் வெளிவந்த 'இன்டர்பிரிட்டர் ஒவ் மலடீஸ்' என்னும் சிறுகதைத் தொகுதி மறு ஆண்டிற் புலிட்சர் பரிசு பெற்றது. 'த நேம்சேக்' என்னும் நாவல் 2003 இல் வெளிவந்தது. இவற்றில் வரும் தம்பதியர் அமெரிக்காவை அடைந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய நூறு இந்தியரே அங்குக் குடியேறலாம். 1965 இல் நிறைவேறிய சட்டம் நாடுவாரியாகப் பங்கிடும் அம்முறையை ஒழித்து, குடும்ப உறவினையும் தொழிற்றகைமையையும் அளவுகோலாக்கியது. பொறியியலாளரும் மருத்துவரும் சென்றனர். அவர்தம் மனைவியரும் சென்றனர். அடுத்த வீட்டாளும் அத்தையும் குளத்தடித் தோழியரும் ஊரிலேயே நின்றுவிட்டனர்.

நின்றுவிட்ட இவர்களைப் பற்றியதே லஹிரியின் கதைகள் எனின் அது மிகையாகாது. தொல்காப்பியர் கற்பியலில் வாயில்கள் எனப் பன்னிருவரைக் கூறுவர். தோழி, தாய், பாங்கன், பாணன், விருந்தினர், அறிவர், கண்டோர் முதலாயினோர் அவருள் அடங்குவர். கணவன் மனைவியரிடையே மனவேறுபாடு தோன்றியவிடத்து இடைநின்று இணக்குவோர் இவர். இருவரை இணக்குவதற்கு இத்துணைப் பேர் எதற்கு என்று இக்கால மாணவன் வினவுதல் கூடும். இருவர் அன்பு இருவராலேயே நிறைவுறும் என்பது புதுக்காலக் கொள்கை. சினிமாப் படங்களும் அதனையே ஓதுகின்றன. ஆயின் லஹிரியை ஊன்றிப் படிப்பார்க்குத் தொல்காப்பியர் கணக்கே மெய்ம்மைக்கு அணித்தாகத் தோன்றும். இருவரையும் ஒருங்கே நோக்கும் மூன்றாவது கண் ஒன்று இல்லாதவிடத்து, ஒரே கூரையின்கீழ் வாழ்வோரும் தம்பதியர் ஆவதில்லை. அந்நிய நாட்டில் அக்கண் எங்கிருந்து வரும்?

'திருமதி சென் இல்லம்' என்னும் கதையில் அது வரவேயில்லை. சென் என்பார் பல்கலைக்கழகத்திற் கணிதம் கற்பிப்பவர். அவர் மனைவி, பாடசாலை விட்டபின் எலியட் என்னும் பதினொரு வயதுச் சிறுவனைக் கூலிக்குப் பார்த்துக்கொள்கிறாள். கூடத்திற் செய்தித்தாளை விரித்து, ஊரிலிருந்து கொண்டுவந்த அரிவாள்மணையின் முன் குந்தியிருந்து காய்கறி அரிகிறாள். அக்கருவியை ஆங்கில வாசகர்க்கு விளக்குதற்கு ஆசிரியர் வைக்கிங்கர் கப்பலின் முகப்பை உவமை கூற வேண்டியிருந்தது; தமிழ் வாசகர்க்கு ஒரு சொல்லே அமையும். ஊரில் ஒரு வீட்டிற் கலியாணம் என்றால், அயற்பெண்கள் அனைவரும் தத்தம் அரிவாள்மணையோடு மாடியிற் கூடி, இரவு முழுதும் சிரித்துப் பேசிக்கொண்டே காய்கறி அரிவர் என்று அவள் சிறுவனுக்குச் சொல்கிறாள். அந்த இரவுகளில் உறக்கம் பிடிப்பதில்லை. இங்கோ அமைதியால் உறக்கம் பிடிப்பதில்லை. பின்னர் அவள் கேட்கும் வினா ஒன்று உண்டு. தான் இப்பொழுது உரக்கக் கூவினால் எவரேனும் வருவார்களா? சத்தம் கூடிவிட்டதென்று முறையிடத் தொலைபேசியில் அழைப்பார்கள் என்று சிறுவன் கபடமின்றி விடை கூறுகிறான். ஒரு சமுதாயத்தைப் பற்றி நூறு பக்கங் கொண்ட ஆராய்ச்சி சொல்லக்கூடியதை இவ்வினாவும் விடையும் சொல்லிவிடுகின்றன.

அவளுக்கு வேண்டியவை இரண்டே: ஊர்க் கடிதமும் முழு மீனும். கடற்கரைக் கடையில் மீன் வந்திருக்கிறது. அதனைப் பெற மோட்டார் வண்டி வேண்டும். வண்டியோட்ட அவளுக்கு அச்சம். கணவர் கொடியவர் அல்லர். ஆயினும் அவளது மீன் ஆசை அவர்க்கு நேரத்தைக் குறுக்கும் தொல்லை மட்டுமே. அவ்வாசையின் பொருளை அவர்க்கு எடுத்துரைப்பார் யார்? உண்மையைக் கண்டவன் எலியட் ஒருவன். அவன் பிறர் பிள்ளை. கண்டதைக் கணவரிடம் கொண்டுசேர்க்கும் வயதும் உரிமையும் அவனுக்கு இல்லை. அவள் ஒருநாள் அனுமதிப்பத்திரமின்றிச் சிறுவனோடு வண்டியை ஓட்டிச் சென்று தொலைபேசிக் கம்பத்தில் மோதுகிறாள். காயம் சிறிது. ஆயின் சிறுவன் அவ்வீட்டுக்கு வருதல் நின்றுவிடுகிறது. இருந்த ஒரு சாட்சியும் போய்விட்டது. கதை முழுதும் சிறுவன் பார்வையில் நிகழ்வதால் சென் என்பாரின் உள்ளம் வாசற்படிக்கு இப்பாலே நிறுத்தப்பட்டுவிடுகிறது என்று குறை கூறலாம். அக்குறை உண்மையே. ஆனால் மனைவிக்கும் அவருள்ளம் அவ்வளவு தொலைவிற்றான் இருந்தது என்பதையும் மறத்தலாகாது.

தொகுதியின் இறுதிக் கதையான 'மூன்றாவதும் இறுதியுமான கண்டம்' இதற்கு நேர்மாறானது. லஹிரியின் எழுத்துக்களில் தலையாயது அதுவே. கதை கூறுவோன் பெயர் குறிக்கப்படாத வங்காளி. 1964 இற் பத்து டொலர் பெறுமதியான பணத்தோடு இத்தாலியக் கப்பலில் இந்தியாவை நீங்கி இலண்டன் சேர்ந்தவன். அங்குப் பிரமசாரிகள் நிறைந்த வீட்டில் முட்டைக் கறியுண்டு வாழ்ந்தவன். 1969 இல் மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் நூலகத்தில் வேலை கிடைக்கிறது. இடையிற் கல்கத்தா சென்று, தமையன் பேசிமுடித்த பெண்ணை மணக்கிறான். மாலா என்னும் அப்பெண் ஐந்து இரவுகளும் பெற்றோரை நினைந்து அழுகிறாள், அவன் ஆற்றுவதில்லை. மனிதர் சந்திரனில் இறங்கிய அதே நாளில் அவனும் பொஸ்டனில் இறங்குகிறான். மனைவியின் வருகையை அவன் எதிர்நோக்குவது, வரும் மாதத்தை எதிர்நோக்குவதுபோல: தவிர்க்கவியலாதது, ஆயின் பொருளற்றது.

மாலா வரும்வரை அவன் குடியிருப்பது கேம்பிறிட்ஜ் நகரில் திருமதி குரொப்ட் என்னும் மூதாட்டியின் வீட்டில். வாடகை வாரத்துக்கு எட்டு டொலர். மூதாட்டிக்கு வயது நூற்று மூன்று. கதவைப் பூட்டு என்பது அவள் முதற்கட்டளை. சந்திரனில் அமெரிக்கக் கொடி நாட்டப்பட்டதை அவள் நாள்தோறும் சொல்ல, 'அற்புதம்' என்று அவன் உரக்கக் கூவ வேண்டும். இது நகைச்சுவை மட்டுமன்று. அறுபத்தெட்டு வயதான மகளும் இவ்விளைஞனும் தனித்து உரையாடுவதைக் கேட்டு, மணமாகாத ஆணும் பெண்ணும் துணையின்றித் தனியறையிற் பேசுதல் முறையன்று என்று மூதாட்டி சினந்து கூவும் இடம் கூர்ந்து நோக்கற்பாலது. 1866 இற் பிறந்த அவளுக்குத் தெருவிற் குட்டைப் பாவாடையோடு செல்லும் பெண்களின் அமெரிக்கா எவ்வளவு அந்நியமோ, அவ்வளவே அந்நியம் அவனுக்கும். கிழக்கும் மேற்கும் சந்தித்தன என்று திறனாய்வாளர் பலர் எளிதிற் கூறிவிடுவர். இங்கே சந்தித்தவை இரு திசைகள் அல்ல. ஒரே முறைமையுள்ள இரு பழைய வீடுகள் சந்தித்தன.

மாலா வருகிறாள். விமான நிலையத்தில் முந்தானையைத் தலையினின்று நீக்காது நிற்கிறாள். தன் கையாற் பின்னிய கம்பளிச் சட்டைகளைக் கொண்டுவந்திருக்கிறாள். அவை அவனுக்குக் கக்கத்திற் பிடிக்கின்றன. காலையில் அவன் கிண்ணத்திற் சோளப்பொரியை இட்டு வைக்கிறாள். அவன் கொடுத்த சில டொலருக்கு மறுநாள் மேசைவிரிப்பும் உருளைக்கிழங்குத் தோல் சீவியும் வீட்டில் தோன்றுகின்றன. அடுப்பிற் கோழிக்கறி மணக்கிறது. எல்லாம் இருந்தும் இருவரும் அயலார். இத்தகைய சில்லறைப் பொருள்களை அடுக்கியே ஒரு மௌனத்தைக் காட்டும் ஆற்றல் லஹிரியின் தனிச்சிறப்பு.

பின்னர் ஒரு மாலைப்பொழுதில் அவன் அவளைத் திருமதி குரொப்டிடம் அழைத்துச் செல்கிறான். இடுப்பெலும்பு முறிந்து கிடக்கும் மூதாட்டி, சேலையும் பொட்டும் வளையும் அணிந்து நிற்கும் மாலாவை உச்சி முதல் உள்ளங்கால் வரை நோக்குகிறாள். அவன் நெஞ்சு பதைக்கிறது. நிறத்தைக் காரணங் காட்டி ஊரிற் பலரால் ஒதுக்கப்பட்ட பெண் அவள். மூதாட்டியோ, இவள் ஒரு குறைவுமற்ற சீமாட்டி என்று தீர்ப்பளிக்கிறாள். அவன் மெல்லச் சிரிக்கிறான். மூதாட்டிக்கு அது கேட்கவில்லை, மாலாவுக்குக் கேட்டது. முதன்முறையாக இருவரும் ஒருவரையொருவர் நோக்கி நகைக்கின்றனர். திருமணம் கல்கத்தாவில் நிகழ்ந்தது சடங்கு. இங்கு நிகழ்ந்ததே திருமணம். கண்டோரும் அறிவரும் வாயில்களாவர் என்று கற்பியல் கூறும்போது, நூற்று மூன்று வயதான அமெரிக்கக் கிழவியை அது கருதியிராது. ஆயினும் அவள் இயற்றியது அத்தொழிலே. கதவைப் பூட்டு என்று ஓயாது கூவியவளே வாயிலாக அமைந்தமையை ஆசிரியர் விளக்கிக் கூறாமல் விட்டது நன்று.

இவ்வளவு நுண்மையாகச் சென்ற கதை முடிவிற் சிறிது தளர்கிறது. மகன் ஹார்வர்டிற் பயில்வதும், சொந்த வீடு வாங்கியதும், மூன்று கண்டங்களில் வாழ்ந்த பெருமிதமும் ஒருசேர எடுத்தோதப்படுகின்றன. வெற்றிபெற்ற தந்தையின் குரல் அது. உண்மையான குரலாகவும் இருக்கலாம். ஆனால் இங்குத்தான் லஹிரியின் உலகின் எல்லையும் புலப்படுகிறது. இக்கதைகளின் மாந்தர் பெரும்பாலும் பல்கலைக்கழகச் சார்புடையோர். வாடகை கொடுக்க இயலாமல் விழித்தவர் அரியர். தெருவில் நாய் ஒன்று இந்தியப் பெண்ணின் சேலைத் தலைப்பைக் கவ்வும் காட்சி வருகிறது. மனிதர் கவ்வும் காட்சிகள் குறைவு. தொழிற்சாலையிலும் உணவுச்சாலையிலும் இரவுமுறை வேலைசெய்து, கணவனும் மனைவியும் படிக்கட்டில் மட்டும் சந்திக்கும் குடும்பங்களுக்கு இவர் எழுத்தில் இடமில்லை.

'த நேம்சேக்' நாவல் இதே பொருளை முப்பதாண்டுக் காலத்துக்கு விரிக்கிறது. 1968 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், நிறைகர்ப்பிணியான ஆஷிமா அரிசிப்பொரியும் நிலக்கடலையும் வெங்காயமும் பச்சைமிளகாயும் கலந்து, கல்கத்தா நடைபாதையில் விற்கும் பண்டத்தைப் போலச் செய்ய முயல்கிறாள். ஏதோ ஒன்று குறைகிறது. அக்குறை நாவல் முழுதும் தொடர்கிறது. கணவன் அசோக்கின் பெயரை அவள் வாயாற் சொல்வதில்லை. பெண் பார்க்க வந்த நாளில், வாசலில் அவன் கழற்றிவைத்த அமெரிக்கச் சப்பாத்தினுள் தன் காலை நுழைத்துப் பார்த்ததே அவள் காதலின் தொடக்கம். உறவினர் இல்லாக் குறையை இவர்கள் கண்டறிந்த வங்காளியரைக் கொண்டு நிரப்புகின்றனர். பிள்ளைக்குச் சோறூட்டும் சடங்கில் மாமன் முறைக்கும் நண்பரே நிற்கிறார். அந்நிய மண்ணில் ஒன்றாகச் சோறுண்டவர்களின் பெயரெல்லாம் ஆஷிமாவின் மூன்று முகவரிப் புத்தகங்களில் நிறைகின்றன. எனினும் ஆசிரியரின் நாட்டம் விரைவில் மகன் கோகோலின் காதல்களுக்குத் தாவிவிடுகிறது. அவை படிக்கச் சுவையானவை. ஆனால் அப்பக்கங்கள் தோறும் பெற்றோர் வீட்டுச் சமையலறைக்குத் திரும்ப மாட்டோமா என்று வாசகர் ஏங்குவர்.

திரும்பும்போது ஆசிரியர் தம் முழு வலிமையையும் காட்டுகிறார். முதுமையை அணுகிய அசோக் ஆராய்ச்சியின் பொருட்டு ஒன்பது மாதம் கிளீவ்லாந்து நகருக்குச் செல்கிறான். ஆஷிமா உடன்செல்லவில்லை, அவள் தனித்து வாழ்வது அதுவே முதன்முறை. கடல் கடந்தபோது இவர்களைத் தீண்டாத ஓதற்பிரிவு, வந்த நாட்டிலேயே காத்திருந்து தீண்டியது. மார்கழி மாத ஞாயிறொன்றில் அவள் சமையலறையிலிருந்து நத்தார் வாழ்த்து மடல்களுக்கு முகவரி எழுதிக்கொண்டிருக்கிறாள். வயிற்றுநோவுக்கு மருத்துவமனைக்கு வந்ததாக அசோக் தொலைபேசியிற் கூறியிருந்தான். மறுமொழி வராமையால் அவளே மருத்துவமனையை அழைக்கிறாள். செய்தி கூறுபவள் முன்பின் அறியாத ஓர் இளம்பெண். நூலக அட்டைக்கும் சஞ்சிகைச் சந்தாவுக்கும் தவணை முடிந்தது என்று சொல்ல வழங்கும் ஆங்கிலச் சொல்லால் அவள் அசோக்கின் மரணத்தை அறிவிக்கிறாள். அச்சொல்லின் பொருள் விளங்க ஆஷிமாவுக்குச் சில கணங்கள் செல்கின்றன. வீட்டில் அவளைத் தவிர எவரும் இல்லை.