காய்ச்சுவதா, வாங்குவதா?

அமெரிக்காவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுவது 1978 வரை கூட்டாட்சிச் சட்டத்துக்கு விரோதம். அந்த ஆண்டு அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன், சுமார் 757 லிட்டர், வரியில்லை. விற்கத்தான் கூடாது.

காசுக் கணக்குப் பார்த்தால் கடையே மேல். பெரிய பானை, தெர்மாமீட்டர், மூடியடிக்கும் கருவி என்று எடுத்த எடுப்பிலேயே கையைக் கடிக்கும். பாதி நாள் அடுப்படியிலேயே போகும்.

ஆனால் ருசியே அந்தப் பாதி நாளில்தான் இருக்கிறது. நொறுக்கிய மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் மாவுச்சத்து சர்க்கரையாகிவிடும். சூடு சற்றுக் குறைந்தால் பீர் இனிப்பில்லாமல் மெலிந்து நிற்கும். கூடினால் நாக்கில் கனக்கும். வடித்த சாறு கொதிக்கத் தொடங்கும்போது போடும் ஹாப்ஸ் பூ கசப்பைத் தரும். இறக்கும் நேரத்தில் போடுவது வாசனையைத் தரும். ஆறியபின் ஈஸ்ட். மறுநாள் கலத்தின் மூடியில் வாயுவை வெளியேற்றும் ஏர்லாக்கில் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக 'பொளக்' என்று வெடிக்கும்.

வெளிர்நிற லாகர் பீரைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். வீட்டில் செய்தால் அது வாரக்கணக்கில் குளிரில் கிடக்க வேண்டும். சின்னக் குறையும் அதில் பளிச்சென்று தெரியும். ஸ்டவுட் என்ற கரும்பீர் அப்படியல்ல. மிதமான அறைச் சூட்டிலேயே நொதிக்கும். வறுத்த பார்லியின் காபி மணம் சில்லறைப் பிழைகளை மூடிவிடும். புதிதாகக் கை வைப்பவருக்கு அதுவே தோது. பாத்திரச் சுத்தத்தில் மட்டும் கறாராக இருந்தால் போதும்.