உரையாத் தலைமகன்: கூத்தராற்றுப்படையும் இக்கால வீடியோ விளையாட்டும்

ஆற்றுப்படை நூல்களைப் பயில்வோர்க்கு ஒரு வினாத் தோன்றுதல் இயல்பு. பரிசில் பெற்று மீள்வோன் ஒருவன் பேசுகின்றான். பெறாதோன் ஒருவன் எதிர்நின்று கேட்கின்றான். பேசுவோன் புலவரின் வாயாக அமைகின்றான் என்பது தெளிவு. கேட்போன் யாவன்? மலைபடுகடாம் 583 அடிகளால் ஆயது. அத்துணை அடிகளிலும் கேட்போன் ஒரு மறுமொழியும் கூறவில்லை. வழி யாது என்று வினவுவதும் இல்லை. நன்றி என்று உரைப்பதும் இல்லை. ஆயினும் நடக்க வேண்டியவன் அவன். அஞ்ச வேண்டியவன் அவன். பரிசில் பெற வேண்டியவனும் அவனே. நூலின் செயல் முழுதும் அவன்மேல் நிற்கின்றது. சொல் மட்டும் அவனிடம் இல்லை.

பாட்டுடைத் தலைவனைப் புகழ்தற்குப் புலவர் நட்ட வெறுங்கொம்பே இக்கேட்போன் என்று சிலர் கருதுவர். அக்கருத்து பொருந்துமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வாராய்ச்சிக்கு யாம் துணைக்கொள்வது இலக்கணநூல் மட்டுமன்று. வீடியோ விளையாட்டு எனும் இக்காலக் கலையில் இதே வினா நெடுநாளாக எழுந்து நிற்கின்றது. பழம்பாட்டினை விளையாட்டொடு ஒப்பிடுதல் தகுமோ எனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். கூத்தரைத் தலைமக்களாகக் கொண்ட பாட்டினை ஆட்டத்தொடு ஒப்பிடுதலில் இழுக்கில்லை என்பது எம் துணிபு.

இப்பாட்டின் நிலத்தை முதற்கண் கருதுக. இதனை இயற்றியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு சவ்வாது மலையில் தோன்றிச் செங்கத்தைக் கடந்து கலசப்பாக்கத்தின் வழியே ஓடும் செய்யாறு. பாட்டில் கடவுள் உறையும் மலையாகப் பேசப்படும் நவிரம், கலசப்பாக்கம் வட்டத்துப் பருவதமலையே என ஆய்வாளர் பலர் கொள்வர். கலசப்பாக்கத்தில் நின்று மேற்கே நோக்குவார்க்கு அம்மலை கண்முன் நிற்கும். ஆகவே இப்பாட்டின் வழி கற்பனை வழியன்று. இன்றும் காலால் அளக்கத்தக்க நிலத்தின்மேல் எழுந்தது அது.

இனி விளையாட்டுத் துறைக்கு வருவோம். ஆடுவோன் இயக்கும் தலைமை மாந்தர் வாய்திறவாதிருத்தல் அத்துறையில் பழைய மரபு. அங்ஙனம் வாய்திறவாத தலைமக்கள் இரு வகையினர். ஒரு வகையினர்க்கு முகக்குறிப்பும் உடற்குறிப்பும் உண்டு. பேச்சு ஒன்றே இல்லை. மற்றொரு வகையினர் எழுதாப் பலகை போல்வர். ஆடுவோன் தன் உள்ளத்தை அதன்மேல் எழுதிக்கொள்ளட்டும் என்று விடப்பட்டவர். இவ்விரண்டனுள் எது சிறந்தது என்பதே வழக்கு.

இவ்வழக்கினைத் தீர்த்தற்குத் தொல்காப்பியம் இரு சொற்களைத் தருகின்றது. ஒன்று கூற்று, மற்றொன்று மெய்ப்பாடு. யார் கூற்று நிகழ்த்தற்குரியர், யார் உரியரல்லர் எனச் செய்யுளியல் வரையறுக்கின்றது. தலைவியின் தந்தையும் தமையன்மாரும் அகப்பாட்டில் நேரே பேசுவதில்லை. அவர் சொல் பிறர் வாயிலாகவே எடுத்து மொழியப்படும். ஆயினும் அவர் சினமும் காவலும் பாட்டெங்கும் உணரப்படுகின்றன. கூற்றின்மை வேறு, இன்மை வேறு என்பது இதனாற் பெறப்படும். மெய்ப்பாடோ நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக எண்ணப்படுவது. அது மெய்யின்கண் தோன்றிக் காண்போர்க்கு உள்ளத்தைப் புலப்படுத்துவது; அதற்குச் சொல் வேண்டுவதில்லை. எனவே முதல் வகை மௌனத்தை மெய்ப்பாட்டு மௌனம் என்றும், பின்னையதை வெற்று மௌனம் என்றும் யாம் வழங்குவோம்.

வெற்று மௌனத்தைப் போற்றுவோர் கூறுவது இது: தலைமகன் பேசினால் அவன் வேறொருவன் ஆகிவிடுவான், பேசாதிருந்தால் அவன் நானே ஆவேன். 1986-இல் ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட செல்டா விளையாட்டின் தலைமகன் பெயர் லிங்க். ஆடுவோனையும் ஆட்டத்தையும் இணைப்பவன் என்னும் கருத்து அப்பெயர்க்கு உண்டு என்பர். 1998-இல் வந்த ஹாஃப் லைஃப் விளையாட்டில் கார்டன் ஃப்ரீமேன் என்னும் இயற்பியலறிஞன் தலைமகன். ஆட்டம் முழுவதும் அவன் கண்வழியே நாம் காண்கின்றோம். அவன் ஒரு சொல்லும் பேசுவதில்லை.

இக்கொள்கையில் உண்மை உண்டு. ஆயினும் அது முழுமையான உண்மையன்று. ஃப்ரீமேனுக்குப் பெயர் உண்டு, கல்வி உண்டு, தொழில் உண்டு. அவனைச் சூழ்ந்தோர் அவனை அறிவர். அவன் வரவை நோக்குவர். 2004-இல் வந்த இரண்டாம் பகுதியில் அலிக்ஸ் என்னும் பெண் அவன் பேசாமையைச் சுட்டி நகைக்கின்றாள். அந்நொடியில் வெறுமையாக விடப்பட்ட மௌனம் அவனுக்கே உரிய குணமாக மாறிவிடுகின்றது. 2007-இல் வந்த போர்ட்டல் விளையாட்டில் செல் என்னும் பெண்ணை ஓர் இயந்திரக் குரல் இடைவிடாது இழித்துரைக்கின்றது. அவள் விடை தருவதில்லை. தோற்றத்தில் அது வெறுமை. பயனில் அது மறுப்பு. பிறர் சொல் எதிர்ப்பட்டவுடன் மௌனம் பொருள் பெறுகின்றது. ஆதலின் முற்றும் வெற்றான பலகை என ஒன்று கதையுள் நெடிது நிற்றல் அரிது.

மெய்ப்பாட்டு மௌனத்துக்கு இரு சான்று காட்டுவோம். 1993-இல் வந்த டூம் விளையாட்டில் தலைமகன் பேசான். ஆயினும் திரையின் அடியில் அவன் முகம் சிறிதாக வரையப்பட்டிருக்கும். அடிபடுந்தோறும் அது குருதி தோய்ந்து வேறுபடும். 2002-இல் ஜப்பானில் வெளிவந்த விண்ட் வேக்கர் விளையாட்டில் அதே லிங்க் பெருங்கண்ணுடைய சிறுவனாக வருகின்றான். தங்கை கவர்ந்து செல்லப்பட்டபின் அவன் தன் தீவை நீங்கும்போது, கப்பலில் நின்று பாட்டியை நோக்கிக் கையசைக்கின்றான். ஒரு சொல் இல்லை. ஆயினும் பிரிவின் துயர் நமக்குப் புலனாகின்றது. அன்றியும், குறிக்கத்தக்க பொருள் அருகிருந்தால் அவன் கண்கள் அதன்மேற் செல்லும். ஆடுவோன் அப்பார்வையைக் கண்டு வழியறிவான். மெய்ப்பாடு இங்கே அழகாக மட்டுமன்றி வழிகாட்டியாகவும் பயன்படுகின்றது.

இனி மலைபடுகடாத்துக் கேட்போனை நோக்குவோம். அவனுக்குப் பெயர் இல்லை. ஆயின் அவன் வெறும் பலகையா? பாட்டு அவனைக் கூத்தர் சுற்றத்தின் தலைவனாக நிறுத்துகின்றது. முழவும் ஆகுளியும் பாண்டிலும் குழலும் பதலையும் அவன் குழுவின் தோள்மேல் உள்ளன. உடன் வரும் விறலியர் வழிநடந்து இளைத்தவர். அவன் பசித்தவன், சுற்றத்தைப் பேணும் கடமையுடையவன். பேசுவோன் கூறும் ஒவ்வொரு நெறியுரையும் அவன் நிலையை அறிந்தே பிறக்கின்றது. பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் உள்ளனவாதலின் இருள் நீங்கியபின் செல்க என்கின்றான். பாம்பு ஒடுங்கும் குழிகளைக் கருதுக என்கின்றான். புனங்காப்போர் எறியும் கவண்கல் வருமாதலின் மரங்களின் பின் மறைந்து செல்க என்கின்றான். நடுகல்லைக் கண்டால் யாழிசைத்து விரைந்து செல்க என்கின்றான். இவற்றைக் கேட்போனுடைய அச்சம் அவன் வாயால் கூறப்படவில்லை. ஆயினும் எச்சரிக்கை அமைந்த முறையாலே அவன் அச்சம் நமக்கு விளங்குகின்றது. அவன் மெய்ப்பாடு பேசுவோனின் கூற்றுக்குள் நிழலாக விழுந்துள்ளது.

அவன் நாவுக்கும் புலவர் சிறிது இடம் வகுத்துள்ளார். நன்னனுடைய கூத்தர் யாம் என்று சொன்னால் மலைவாழ்வார் விருந்தளிப்பர் என்று அவனுக்குச் சொல் கற்பிக்கப்படுகின்றது. இன்றைய விளையாட்டுகளில் ஆடுவோன் தேர்தற்குரிய சொற்கள் திரையில் எழுதிக் காட்டப்படுதலை இது நினைவூட்டும். முடிவில் நன்னன் முன் நிற்கும்பொழுது அவன் தன் வருகையைச் சொல்லத் தொடங்குமுன்னரே, வந்ததே போதும், உம் வருத்தம் பெரிது என்று அரசன் ஏற்றுக்கொள்வானாம். வறியவன் தன் வறுமையைத் தன் வாயால் சொல்லவிடாமல் காப்பதே கொடையின் சிறப்பு எனக் கருதிய புலவர், கேட்போனின் மௌனத்துக்கு இங்கே அறப்பொருள் தந்துவிட்டார். வெறுங்கொம்பாயின் இவ்விடத்தில் நம் நெஞ்சம் நெகிழக் காரணமில்லை.

மற்றுமொரு செய்தி எண்ணத்தக்கது. வழி பிரியும் இடங்களில் பின்வருவோர் அறியப் புல்லை முடிந்து அடையாளம் இடுக என்கின்றான் பேசுவோன். இதனால் கேட்போன் கேட்போனாகவே நின்றுவிடுவதில்லை. தான் நடந்த வழியைத் தானும் பிறர்க்குக் காட்டுவோன் ஆகின்றான். இன்று கேட்பவன் நாளை சொல்பவன். ஆற்றுப்படையின் உயிர்நிலை இஃதே.

அகப்பாட்டுத் தலைவனும் பெயரற்றவனே. ஐந்திணையில் ஒருவர் பெயர் சுட்டலாகாது என்பது இலக்கணம். பெயரின்மையால் அவன் வெறுமையானான் அல்லன். நிலமும் பொழுதும் பிரிவும் அவனை நிரப்புகின்றன. நெடுநல்வாடையில் வேலின்மேல் கட்டிய வேம்பு ஒன்றே பாண்டியனைச் சுட்டியமையால் அது புறமாயிற்று என்பர் நச்சினார்க்கினியர். யாவர்க்கும் பொதுவான ஒருவன் ஒரு குறியால் குறித்த ஒருவன் ஆகிவிடுகின்றான். எத்துணை அடையாளம் இடலாம், எவ்விடத்தில் நிறுத்தல் வேண்டும் என்னும் அளவறிதலே இருவகைக் கலைக்கும் உரிய திறம்.

எம் கருத்துக்கு இரு தடைகள் எழும். முதலாவது, பாட்டின் கேட்போன் காட்டிய வழியினின்று பிறழான். விளையாட்டில் ஆடுவோன் பிறழ்வான். ஒருவர் இறப்பை எண்ணிப் பிறர் அழும்போது, ஆடுவோன் தன் தலைமகனை நாற்காலிமேல் ஏறிக் குதிக்கச் செய்யலாம். அப்பொழுது கதையின் துயர் கெடும். இத்தடை வலியது. பேசா முகத்தில் ஒரு துயர்க்குறி தோன்றுமாயின் அக்குதிப்பு ஓரளவு தடைப்படும் என்பதற்கு மேல் யாம் விடைகூற இயலாது.

இரண்டாவது, பொதுமை எனப்படுவது யாருடைய பொதுமை? வெற்றுப்பலகை எனக் கூறப்படுவோர் பெரும்பாலும் படைக்கலம் ஏந்திய ஆடவரே. திரையில் முகம் தோன்றாவிடினும் கை தோன்றுகின்றது. அக்கை ஒருவருடைய கை. யாவர்க்கும் இடமளிப்பதாகக் கூறும் வெறுமை முன்னரே சிலர்க்கு ஒதுக்கப்பட்ட இடமாதல் கூடும். மலைபடுகடாத்திலும் தலைவனே விளிக்கப்படுகின்றான். விறலியர் உடன் நடக்கின்றனர். ஆயினும் தமிழ்மரபு விறலியாற்றுப்படை என்னும் துறையையும் வகுத்தது; புறநானூற்றில் அத்துறைப் பாடல்கள் உள. பெண்ணை நோக்கியும் வழி சொல்லலாம் என்பதை அம்மரபு உணர்ந்திருந்தது.

இவ்விடத்தில் தமிழர் ஆக்கிய விளையாட்டு ஒன்று கருதத்தக்கது. கனடா நாட்டு டொராண்டோவில் உள்ள விசை நிறுவனம் 2023-இல் வெளியிட்டது வெண்பா. 2024-இல் பிரித்தானியத் திரைக்கழகமாகிய பாஃப்டாவின் அறிமுக விளையாட்டுப் பரிசை அது பெற்றது. 1988-இல் தொடங்கும் அக்கதையில் வெண்பா என்பவள் கணவன் பாவலனோடு கனடாவில் வாழ்கின்றாள். கவின் என்னும் மகன் பிறக்கின்றான். தாய் தந்த சமையற் குறிப்பேடு சிதைந்துள்ளது. அழிந்த இடங்களை ஆடுவோனே உய்த்துணர்ந்து இட்டலி முதலியன சமைக்க வேண்டும். இங்குத் தலைவி பேசுகின்றாள். அவளுக்குப் பெயரும் முகமும் மொழியும் உண்டு. பேசாதிருப்பது அக்குறிப்பேட்டின் அழிந்த வரிகளே. ஆடுவோன் தன்னை எழுதிக்கொள்ளும் வெற்றிடம் மாந்தரின் உள்ளத்தில் அன்றி, அவர் கையிலுள்ள ஏட்டில் வைக்கப்பட்டுள்ளது. தமிழறியா ஒருவனும் அவ்வெற்றிடத்தை நிரப்பும்போது ஒரு தமிழ்த்தாயின் கைவினைக்குள் புகுகின்றான். முழுதும் உரைக்கும் தலைவியும் ஆடுவோனுக்கு இடந்தரலாம் என்பதற்கு இது சான்று.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: கூற்றின்மை குறையுமன்று, சிறப்புமன்று. ஒருவன் இடத்தில் நாம் நிற்றற்கு அவன் வெறுமையாதல் வேண்டுவதில்லை. அவன் நிற்கும் நிலை தெளிவாதலே வேண்டும். பசியும் சுற்றமும் வழியின் ஏதமும் உடைய பெயரிலி நம்மை ஏற்கின்றான். ஏதும் இல்லாத பெயரிலி நம்மைத் திருப்பி அனுப்புகின்றான். ஆகவே மெய்ப்பாட்டு மௌனமே சிறந்தது என்றும், அம்மெய்ப்பாடு தலைமகன் முகத்தில்தான் தோன்றவேண்டும் என்பதில்லை, அவனோடு பேசுவோர் சொல்லிலும் தோன்றலாம் என்றும் யாம் முடிவு செய்கின்றோம்.

கலசப்பாக்கத்துச் சிற்றூர்களில் இன்று இளைஞர் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுகள் பெரும்பாலும் பிற நிலங்களில் நடப்பன. அவர்கள் அங்கே பேசாத் தலைமகனாக ஓடுகின்றனர். அவர்தம் ஊர்க்கு மேற்கே நிற்கும் மலையின் வழியையும், பேசா ஒருவனை அவ்வழியில் நடத்திச் செல்லும் முறையையும் தமிழ்ப்புலவர் ஒருவர் முன்னரே வகுத்துவைத்துள்ளார். அதனை ஆட்டமாக ஆக்க முற்படுவோர், கேட்போனை வெறுமையாக்கி விடாமல், அவன் சுற்றத்தையும் தோள்மேல் உள்ள முழவையும் அவனிடமே விட்டுவைத்தல் வேண்டும். வழி பிரியும் இடத்தில் புல் முடியவும் அவனுக்கு வாய்ப்பளித்தல் வேண்டும்.