எடுப்பும் எடுத்தவரும்

‘அப்ஸ்ட்ராக்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ஒரே சொல் கிடையாது. ஓவியத்தில் அது அரூபம். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் சுருக்கம். நீரியல் அறிக்கையில் நிலத்தடி நீரை எடுப்பது. இலக்கண வகுப்பில், தொடவும் பார்க்கவும் முடியாததன் பெயர். நான்கும் வேறுவேறாகத் தெரிந்தாலும் லத்தீன் வேரில் ஒன்றுதான்: ஒன்றிலிருந்து இழுத்துப் பிரித்தது.

வகுப்பில் சொல்லித்தரும் அந்த வரையறை ரொம்ப தூரம் தாங்காது. கருமையைக் கண் பார்க்கிறது, புளிப்பை நாக்கு அறிகிறது. ஆனாலும் நம் இலக்கணத்தில் இரண்டும் பண்புப்பெயர்கள். காற்று கண்ணுக்குத் தெரியாது; அது பொருட்பெயர். ஆக, விஷயம் புலனில் இல்லை, பிரித்தெடுப்பதில் இருக்கிறது. காக்கையிலிருந்து கருமையைப் பிரித்தால் பண்புப்பெயர். செய்தவரிடமிருந்து செயலைப் பிரித்தால் தொழிற்பெயர்.

தமிழில் இதற்கு ஒரு மாற்றும் உண்டு. ‘உழைப்பு’ தொழிற்பெயர், அதில் காலமும் இல்லை, ஆளும் இல்லை. ‘உழைத்தவர்’ வினையாலணையும் பெயர். அதில் இரண்டும் இருக்கின்றன. இந்த வேறுபாட்டைத் தேர்வுக்குப் படித்து மறந்துவிடுகிறோம். ஆனால் திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில், வாழ்க்கையே இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வருவாய்த் துறையின் சொல் ‘நில எடுப்பு’. யார் எடுத்தது, யாரிடமிருந்து, எப்போது? சொல் எதையும் சொல்வதில்லை. ஊரில் அதையே “எடுத்துட்டாங்க” என்பார்கள். அந்த ஒரு வினைமுற்றில் காலமும் இருக்கிறது, ‘அவர்கள்’ என்ற ஆளும் இருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் எடுக்கப்பட்டது தண்ணீர். சென்னைக்காகவும் ஆலைகளுக்காகவும் பல பத்தாண்டுகள் ஆழ்துளைக் கிணறுகளில் இறைத்ததில் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே ஏறியது. 2010இல் அதே வட்டாரத்தில், காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அறிக்கையில் இது ‘உவர்நீர் ஊடுருவல்’. கடல்தான் குற்றவாளி என்பதுபோல ஒரு பெயர்.

தேர்வாய் கண்டிகையில் ஊரார் மாடு மேய்த்த நிலம் தொழிற்பூங்காவானது. பெரும்பாலும் தலித் குடும்பங்கள் வாழும் ஊர், எதிர்த்துப் போராடினார்கள். இப்படிப்பட்ட பொதுநிலங்களுக்குப் பதிவேடு வைத்திருக்கும் பெயர் ‘புறம்போக்கு’. வரிக்கணக்குக்குப் புறத்தே நிற்பது என்பது அதன் பொருள். கணக்குக்கு வெளியே இருந்த நிலம் பயனற்ற நிலமாகி, கடைசியில் ‘பொறம்போக்கு’ ஆளைத் திட்டும் வசவாகவும் ஆயிற்று. 2017இல் எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று டி.எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ (வரிகள் கபேர் வாசுகி) செய்த முக்கியமான காரியம், அந்த வசவை மறுபடி நிலத்தின் பெயராக்கியதுதான். சூழலியல் கருத்துக்காக அதைப் பாராட்டியவர்கள் அளவுக்கு, சொல்லில் அது செய்த வேலையை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதைச் சொன்னதும் நம் விமர்சகர்களின் பழைய அறிவுரை நினைவுக்கு வரும்: அருவச் சொற்களைத் தள்ளு, பொருளை எழுது, வியர்வையை எழுது. நல்ல அறிவுரைதான், ஆனால் பாதிதான். ‘உரிமை’ அருவச் சொல். ‘குறைந்தபட்ச ஊதியம்’ அதைவிட அருவம். சட்டம் அதை எந்த ஒரு தொழிலாளியின் பெயரிலும் எழுதவில்லை. எழுதாததால்தான் ஒடிசாவிலிருந்து வந்து சிப்காட்டில் இரும்பு உருக்குகிறவரும் பொன்னேரிக்காரரும் ஒரே சொல்லைக் காட்டிக் கூலி கேட்க முடிகிறது. ஆளிடமிருந்து பிரித்தால்தான் அது எல்லா ஆளுக்கும் பொருந்தும்.

ஆகவே கேட்கவேண்டியது, சொல் அருவமா இல்லையா என்பதல்ல. அதிலிருந்து ஆளிடம் திரும்பிப் போக வழி இருக்கிறதா என்பது. ‘உரிமை’யிலிருந்து ‘உரியவர்’ உடனே வருகிறார். ‘இழப்பீடு’ என்றால் இழந்தவரைத் தேட முடியும். ‘வளர்ச்சி’ என்று ஓர் அறிக்கையோ நாவலோ எழுதும்போது, வளர்ந்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பல பக்கங்களில் பதில் இருக்காது. அந்தப் பக்கங்களைத்தான் விமர்சகன் மடக்கி வைத்து மறுபடி படிக்க வேண்டும்.