இல்லாமை ஓர் அடையாளம் ஆகுமா?

விலங்குகளை எவ்வாறு வகைப்படுத்தலாம் என்று கேட்டால், பள்ளி மாணவர் எவரும் தயங்காமல் விடை கூறுவர்: முதுகெலும்புள்ளவை, முதுகெலும்பற்றவை. மனப்பாடம் செய்ய எளிய பிரிவுதான். ஆனால், இது அறிவியலுக்கு உகந்ததுதானா என்று சற்று ஆராய்வோம்.

உலகப் பொருள்களையெல்லாம் 'இரும்பு', 'இரும்பல்லாதவை' என ஒருவர் பிரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பிரிவில் தங்கமும் இருக்கும், தண்ணீரும் இருக்கும், காற்றும் இருக்கும். இவற்றைப் பற்றி அப்பெயர் நமக்கு என்ன சொல்கிறது? ஒன்றுமில்லை. 'முதுகெலும்பற்றவை' என்பதும் அத்தகைய பெயரே. கடற்பஞ்சு, மண்புழு, நத்தை, வண்ணத்துப்பூச்சி, நட்சத்திர மீன் அனைத்தும் இதில் அடங்கும். இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களில் 100க்கு 95க்கும் மேற்பட்டவை இவையே!

1758இல் லின்னேயஸ் விலங்குகளை 6 வகுப்புகளாகப் பிரித்தார். பூச்சி வகுப்பில் சேராத முதுகெலும்பற்றவற்றையெல்லாம் 'புழுக்கள்' என்ற ஒரே வகுப்பில் அடக்கிவிட்டார். 1801இல் வெளியிட்ட நூலில் லமார்க் இக்குவியலைப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். 'முதுகெலும்பற்றவை' என்ற பெயரைத் தந்தவரும் அவரே. அவர் வகுத்த உட்பிரிவுகளை மறந்து, மேலுறையான பெயரை மட்டும் நாம் பற்றிக்கொண்டோம்.

இப்பெயர் உறவுகளையும் மறைத்துவிடுகிறது. கடற்பாறையில் தோல்பை போல ஒட்டி வாழும் அசிடியனுக்கு முதுகெலும்பு இல்லை. முற்காலத்தில் அதை மெல்லுடலி என்றே கருதினர். ஆனால், 1866இல் ரஷ்ய அறிஞர் கோவலெவ்ஸ்கி அதன் லார்வாப் பருவத்தை ஆராய்ந்து, வாலில் முதுகுநாண் இருப்பதைக் காட்டினார். நம் கருவிலும் முதுகெலும்புக்கு முன் தோன்றுவது முதுகுநாணே. ஆகவே அசிடியன் நம் தொகுதியைச் சேர்ந்தது!

நட்சத்திர மீனோ நண்டைவிட நமக்கே நெருங்கிய உறவு. அதன் கருவிலும் நம் கருவிலும் வாய் என்பது பின்னர் தோன்றும் துளையே. மரபணு ஆய்வுகளும் இவ்வுறவை உறுதி செய்கின்றன.

தொடக்க வகுப்பில் இப்பிரிவு வசதியானது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அதனோடு நின்றுவிடலாகாது. 'எது இல்லை' என்பதை விட்டு, 'எது இருக்கிறது' என்று கேளுங்கள். கொட்டும் செல்கள் இருந்தால் குழியுடலி. புறக்கூடும் கணுக்களுள்ள கால்களும் இருந்தால் கணுக்காலி. குழாய்க்கால்களை இயக்கும் நீர்க்குழல் மண்டலம் இருந்தால் முட்தோலி. இனி இருபிரிவு அட்டவணை ஒன்றைக் காணும்போது, அசிடியனுக்கு அதில் எந்த இடம் என்று கேட்டுப் பாருங்கள். அட்டவணையின் குறை உடனே விளங்கும்.