கரிமக் கரைப்பானில் அமிலப் பிரித்தெடுப்பு: அகச்சிவப்புச் சான்றின் வலிமையும் வரம்பும்

முன்னுரை

நீர்க்கரைசலிலுள்ள கார்பாக்சிலிக் அமிலங்களை, மூன்றிணைய அமீன் கலந்த கரிமக் கரைப்பானால் பிரித்தெடுப்பது குறித்து 1990இல் மூன்று தொடர் கட்டுரைகள் வெளிவந்தன. தமடா, கெர்ட்டஸ், கிங் ஆகியோரின் முதற்கட்டுரை சமநிலைத் தரவுகளை நிறைதாக்க விதியால் விளக்கியது. தமடாவும் கிங்கும் எழுதிய இரண்டாம் கட்டுரை அணைவுகளின் அமைப்பை ஆராய்ந்தது. அதில் எடுத்தாளப்பட்ட அகச்சிவப்பு நிறமாலைச் சான்றின் தகுதியை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

சான்றின் வலிமை

நிறைதாக்க விதி, ஓர் அமீனுடன் எத்தனை அமில மூலக்கூறுகள் சேர்கின்றன என்பதைக் கூறும். எவ்வாறு சேர்கின்றன என்பதைக் கூறாது. அமீனில் புரோட்டானை ஏற்கும் நைட்ரஜன் ஒன்றே. அவ்வாறாயின் இரண்டாம் அமிலம் எங்கே பிணைகிறது? கார்பாக்சிலேட்டுக்குரிய பட்டை 1550–1610 செ.மீ.⁻¹ பகுதியிலும், அயனியாகாத கார்பாக்சில் தொகுதியின் பட்டை 1700 செ.மீ.⁻¹ஐ ஒட்டியும் அதற்கு மேலும் தோன்றும். முதல் அமிலம் அமீனோடு அயனி இணையாகிறது. இரண்டாம் அமிலம் அந்தக் கார்பாக்சிலேட்டோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இணைகிறது. இவ்விளக்கத்தைச் சமநிலைத் தரவு மட்டும் தந்திருக்க இயலாது.

சான்றின் வரம்பு

எனினும், இம்முடிவை எல்லா அமிலங்களுக்கும் கரைப்பான்களுக்கும் விரித்துரைத்தல் பொருந்தாது. சக்சினிக் அமிலத்தில் இரு கார்பாக்சில் தொகுதிகள் உள்ளன. ஒன்று அயனியாகி மற்றொன்று அவ்வாறே நின்றால், 1:1 அணைவே இரு பட்டைகளையும் காட்டும். ஆகவே, இரு பட்டைகள் ஒருங்கே தோன்றுவது மட்டும் 2:1 அணைவுக்குச் சான்றாகாது. மெத்தில் ஐசோபியூட்டைல் கீட்டோனின் கார்பனைல் பட்டை 1715 செ.மீ.⁻¹ அருகே அமைந்து அமிலத்தின் பட்டையை மறைக்கும். அமிலத்தோடு கரிமப் படலத்துள் புகும் நீரும் 1640 செ.மீ.⁻¹ அருகே உறிஞ்சும். குளோரோஃபார்மில் இவ்விடையூறு குறைவு. ஆயினும் அது தானே அயனி இணையோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்வதால், அங்குக் கண்ட அமைப்பைப் பிற கரைப்பான்களுக்கும் உரியதெனக் கொள்ள இயலாது.

முடிவுரை

எனவே, ஒற்றை நிறமாலையைக் கொண்டு அணைவின் அமைப்பை நிறுவுதல் கூடாது. அமில–அமீன் விகிதத்தைப் படிப்படியாக உயர்த்தி, நீரால் தெவிட்டிய கரைப்பானைப் பின்புலமாகக் கொண்டு, ஒவ்வொரு பட்டையின் வளர்ச்சியையும் அளத்தல் வேண்டும். ஒற்றைக் கார்பாக்சில் அமிலத்தில் விகிதம் ஒன்றைக் கடந்த பின்னரே 1700 செ.மீ.⁻¹ பட்டை வலுப்பெறின், அதுவே 2:1 அணைவுக்குத் தக்க சான்றாகும். இது ஏட்டளவிலான வேறுபாடன்று. அயனி இணையாக நிற்கும் அமிலத்தைக் கரைப்பானிலிருந்து மீட்பது கடினம். ஹைட்ரஜன் பிணைப்பால் நிற்பதை மீட்பது எளிது. அமைப்பைப் பிழைபடக் கணித்தால், மீட்பு முறையின் திட்டமும் பிழைபடும்.