ஏழரை விழுக்காடும் மணலிப் பள்ளிக்கூடமும்

வட சென்னையின் மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் ஓடுகிறது. அதையொட்டி உர ஆலையும் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும் வந்தன. ஆலைக்குள் நிரந்தர வேலையில் இருப்பவர் வீட்டுப் பிள்ளையும், கேட்டுக்கு வெளியே காண்டிராக்ட் வேலைக்குக் காத்து நிற்பவர் வீட்டுப் பிள்ளையும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். படிக்கும் பள்ளி மட்டும் வேறு. ஒருவருக்கு மெட்ரிக் பள்ளியும் மாலையில் கோச்சிங்கும். மற்றவருக்கு அரசுப் பள்ளி. இந்தப் பிளவைச் சரிசெய்யத் தமிழ்நாடு எடுத்த முயற்சிகளில் பெரியது, கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. ஐந்து கல்வியாண்டுகளைத் தாண்டிவிட்ட அந்த ஏற்பாடு இங்குள்ள மாணவருக்கு என்ன தருகிறது, எங்கே கைவிடுகிறது என்று பார்க்க வேண்டிய நேரம் இது.

நீட் நுழைவுத் தேர்வு வந்த பிறகு, மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அரசுப் பள்ளி மாணவர்களை விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது. நீதிபதி கலையரசன் ஆணையம் பத்து விழுக்காடு பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. ஆளுநர் ஒப்புதல் இழுத்தடிக்கப்பட்டு, 2020 அக்டோபர் இறுதியில் கிடைத்தது. முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து நானூறுக்கு மேற்பட்ட இடங்கள் கிடைத்தன. 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் ஒதுக்கீடு விரிந்தது.

இதன் முதல் வலிமையை நான் இடங்களின் எண்ணிக்கையில் பார்க்கவில்லை, கட்டணத்தில் பார்க்கிறேன். முதல் கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தும், பணம் கட்ட வழியில்லாமல் வேண்டாம் என்று திரும்பிய மாணவர்கள் இருந்தார்கள். அதன் பிறகுதான் அரசு கட்டணத்தை ஏற்பதாக அறிவித்தது. ஒதுக்கீடு மற்ற தொழிற்கல்விக்கும் வந்தபோது, படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் அரசின் பொறுப்பு என்று 2021இலேயே சொல்லிவிட்டார்கள். “நல்லாப் படி, பாத்துக்கலாம்” என்று ஒப்பந்தத் தொழிலாளி தன் மகளிடம் சொல்வதற்கும், “படி, அரசாங்கம் கட்டும்” என்று சொல்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. ஏழை வீட்டில் படிப்பு நிற்பது பெரும்பாலும் ஆர்வம் இல்லாததால் அல்ல, அடுத்த ஆண்டு என்ன ஆகும் என்று தெரியாததால். அந்தக் கலக்கத்தைத் தீர்த்தது இந்தத் திட்டம்.

ஆனால் மருத்துவ ஒதுக்கீடும் பொறியியல் ஒதுக்கீடும் மாணவர் மனதில் வேலை செய்யும் விதம் ஒன்றல்ல. பொறியியலுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. வகுப்பில் ஆசிரியர் நடத்தும் கணக்கும் இயற்பியலும் வேதியியலும் அப்படியே கட் ஆஃப் ஆகின்றன. நன்றாக நடத்தும் ஒரு ஆசிரியை மணலிப் பள்ளியில் இருந்தால், அவருடைய உழைப்பு நேரே மாணவரின் கல்லூரியாக மாறுகிறது. போன வருடம் மூன்றாவது பெஞ்சில் இருந்த அக்கா கிண்டி பொறியியல் கல்லூரியில் படிக்கிறாள் என்றால், இந்த வருடம் அந்த பெஞ்சில் இருப்பவள் நம்புவாள். இந்த வகுப்பறையில் செய்யும் வேலை வீண்போகாது என்ற நம்பிக்கைக்கு நிகரான ஊக்கத்தை நான் கண்டதில்லை.

மருத்துவத்தில் நிலைமை நேரெதிர். ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்கு. தேர்வோ அந்தப் பள்ளிக்கு வெளியே நடக்கும் நீட். நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த ஏ.கே. ராஜன் குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. 2016-17இல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் இரண்டாம் முறையோ அதற்கு மேலோ முயன்றவர்கள் 12.47 விழுக்காடு, 2020-21இல் 71.42 விழுக்காடு. அதாவது பிளஸ் டூ முடித்து ஓராண்டு வீட்டில் இருந்து படிப்பதே வழக்கம் ஆகிவிட்டது. அந்த ஓராண்டை யாரால் செலவிட முடியும்? அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ளேயே, கோச்சிங்குக்குப் பணம் புரட்டக்கூடிய வீட்டுப் பிள்ளை முந்துகிறது. அப்பாவின் லாரி வேலை நின்றால் தானே வேலைக்குப் போக வேண்டிய பையன், மருத்துவச் சேர்க்கைப் பட்டியலைப் பார்த்துவிட்டு உயிரியல் பிரிவையே எடுக்காமல் இருந்துவிடுகிறான்.

வாசலில் நிற்கும் நிபந்தனை இன்னொரு குறை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். வசதியானவர்கள் கடைசி இரண்டு ஆண்டுக்கு மட்டும் உள்ளே புகாமல் தடுக்க இது வேண்டியதுதான். ஆனால் 2020, 2021இல் கொரோனாவால் வேலை போய், தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாமல் எத்தனை குடும்பங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றின! எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்த அந்தப் பிள்ளை ஏழையாகத்தான் வந்தது. ஆனாலும் ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கிறது.

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை அரசு உதவி பெறும் பள்ளிகள் பல. மீனவர் குடும்பங்களும் துறைமுகத் தொழிலாளர் குடும்பங்களும் தலைமுறைகளாகப் பிள்ளைகளை அனுப்பியது அங்கேதான். அந்தப் பிள்ளைகளுக்கு 7.5 இல்லை. எல்லா உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்துவிட்டால், கட்டணம் வாங்கும் ஆங்கில வழிப் பிரிவுகளும் உள்ளே வந்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு விடையை அரசே கண்டிருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் என்று தொடங்கி, 2024இல் உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிந்தது. ஆயிரம் ரூபாய்க்குத் தகுதியான மாணவி, கல்லூரி இடத்துக்கு மட்டும் எப்படித் தகுதியில்லாமல் போகிறாள்?

பள்ளிக்கூடத்தின் நிலையும் பேசப்பட வேண்டும். மணலி நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. இணைந்த பகுதிகளிலிருந்த 139 அரசுப் பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வர அதற்குப் பின் பத்தாண்டுக்கு மேல் ஆனது. கொசஸ்தலை பெருகினால் மணலி புதுநகரில் தண்ணீர் ஏறுகிறது, பள்ளி நாட்கள் போகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளமும், அதே மாதக் கடைசியில் எண்ணூர் அமோனியாக் கசிவும் வந்தன. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைக்கு அந்த நாட்களைத் திருப்பித் தரும் ஏற்பாடு எதிலும் இல்லை.

2022 ஏப்ரல் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இந்த ஒதுக்கீடு செல்லும் என்றது. அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்தி, ஐந்தாண்டுக்குள் மறு ஆய்வு செய்யவும் சொன்னது. அந்த மறு ஆய்வில் ஒதுக்கீட்டை விலக்கும் பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. ஒதுக்கீடு இருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவர்களையும், வருமானம் இழந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களையும் சேர்த்து, அதற்கேற்ப விழுக்காட்டையும் உயர்த்த வேண்டும். கலையரசன் ஆணையம் முதலில் சொன்னதே பத்து. மருத்துவத்திலும் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு இடம் கேட்டு மாநில அரசு நடத்தும் வழக்கை வட சென்னைப் பெற்றோரும் ஆசிரியரும் தங்கள் வழக்காக எடுத்துக்கொள்ள வேண்டும்.