20 சிகரெட்டும் ஒரு பினாயில் பாட்டிலும்

‘வீட்டைச் சுத்தம் செய்வது தினமும் 20 சிகரெட் பிடிப்பதற்குச் சமம்.’ எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருஷத்துக்கு ஒருமுறையாவது யாராவது இதைப் போட்டுவிடுவார்கள். போன வாரம் அத்தை முறை. அம்மா படித்துவிட்டு, "அப்ப நான் நாப்பது வருஷமா சிகரெட் புடிச்சிருக்கேனா?" என்று கேட்டார். சிரிப்புதான் வந்தது. ஆனா பாத்ரூம் கழுவின அன்னைக்கு ராத்திரி அவர் இருமுறது சிரிப்பு இல்லை. அதனால் மூல ஆய்வுக் கட்டுரையைத் தேடி வாசித்தேன்.

நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தினர் 2018-இல் வெளியிட்டது. 6,235 பேரை சுமார் 20 வருடம் தொடர்ந்திருக்கிறார்கள். மூச்சை இழுத்துப் பலமாக ஊதினால் முதல் விநாடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்பதுதான் முக்கிய அளவு. வயசாக ஆக இது எல்லாருக்கும் குறையும். சுத்தம் செய்யாத பெண்களுக்கு வருடத்துக்கு 18.5 மி.லி.; வீட்டில் சுத்தம் செய்தவர்களுக்கு 22.1, அதையே வேலையாகச் செய்தவர்களுக்கு 22.4. வித்தியாசம் 3.6 மி.லி. இருபது வருடத்துக்குப் பெருக்கினால் 72 மி.லி., அரை டம்ளர்கூட இல்லை. ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது.

சிகரெட் எங்கிருந்து வந்தது? பத்திரிகைகள் கற்பனை செய்யவில்லை. தினம் ஒரு பாக்கெட் வீதம் 20 வருடம் புகைத்தால் வரும் இழப்பைவிட ‘சற்றுக் குறைவு’ என்று கட்டுரையிலேயே இருக்கிறது. கதவைத் திறந்துவிட்டது ஆய்வாளர்கள்தான். அதே கட்டுரை இன்னொன்றும் சொல்கிறது: சுத்தம் செய்ததால் மூச்சுக்குழாய் அடைப்பு கூடியதாகத் தெரியவில்லை. புகைப்பவரின் நுரையீரலுக்கு அந்த அடைப்புதானே அடையாளம்! புற்றுநோய், மாரடைப்பு பற்றி இந்த ஊதல் கணக்கு ஒன்றுமே சொல்லாது. ஒரே ஒரு எண் பொருந்தியதை வைத்து முழு சிகரெட்டையும் தலைப்பில் ஏற்றியிருக்கிறார்கள். தவிர, சுத்தமே செய்யாத பெண்கள் மிகச் சிலர்தான். அந்தச் சின்னக் கூட்டத்தோடுதான் ஒப்பீடு.

எனக்குப் பயன்பட்டது 2007-இல் வந்த பழைய ஆய்வு. ஐரோப்பாவில் 10 நாடுகளில், வீட்டைத் தாங்களே சுத்தம் செய்யும் 3,503 பேர். வாரம் ஒருமுறையாவது ஸ்பிரே அடித்தவர்களுக்கு ஆஸ்துமா அறிகுறிகள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஊற்றித் துடைக்கும் திரவங்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. பொடிப்பொடித் துளியாகக் காற்றில் மிதப்பதுதான் மூச்சோடு உள்ளே போகும். இதை ஒரு தலைப்பாகப் போட்டிருந்தால், கண்ணாடிக்கு அடிக்கிறதை முதலில் துணியில் அடிச்சுக்கலாமேன்னு அத்தைக்காவது தோன்றியிருக்கும்.

ரெண்டு ஆய்வும் ஐரோப்பிய வீடுகளைப் பற்றியவை. எங்க வீட்டு பாத்ரூம் அதில் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் தூவின தரையிலேயே ஆசிட்டையும் ஊற்றினால் குளோரின் வாயு வரும். அதுக்கு 20 வருஷம் வேண்டாம், அஞ்சு நிமிஷம் போதும். அம்மாவிடம் விசாரித்தேன். "ரெண்டும் போட்டாத்தான் கறை போகும்" என்றார். இப்போதைக்கு ஆசிட் பாட்டில் வெளியே போய்விட்டது, கறை இருக்கிறது.

வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் எத்தனை வீட்டில் பாத்ரூம் கழுவுகிறார் என்று கேட்டேன். அஞ்சு வீடாம். மூன்று வீட்டில் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்களாம்.